'நெட்வொர்க் இல்லை' என்பதன் பொருள்: வலையமைப்பு, இணையம், செயற்கை நுண்ணறிவு – ஓர் அறிமுகம்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 ஊராட்சிகளில் ஒன்று ஆலத்தூர் நாடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் வரும் இம்மலைநாட்டில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளி பழங்குடியினர். மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் இம்மலையில் குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று தள்ளி, சரிவுகளிலும் மடிப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

இத்தகைய ஊர்களில் வாழும் ஒருவர் இன்று அரிசி வாங்கவும், சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கவும், கல்வி உதவித்தொகை பெறவும், வேலைக்கு வந்ததை நிறுவவும் கணினி வலையமைப்பைக் கடந்தே ஆக வேண்டும். கடக்க முடியாதபோது அவருக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நான்கு: 'நெட்வொர்க் இல்லை', 'சர்வர் வேலை செய்யவில்லை', 'ரேகை விழவில்லை', 'சிஸ்டமே பெயரை நீக்கிவிட்டது'.

கேட்பவருக்கு நான்கும் ஒன்றுபோல ஒலிக்கும். உண்மையில் அவை நான்கு வெவ்வேறு இடங்களில் நிகழும் வெவ்வேறு தவறுகள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் வேறு. கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. கணினி அறிவியலின் அடிப்படைகளை இந்நான்கு பதில்களின் வழியாகவே இக்கட்டுரையில் அறிமுகம் செய்கிறோம்.

'நெட்வொர்க் இல்லை'

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் வகையில் இணைக்கப்பட்டிருப்பதே வலையமைப்பு. ஓர் அலுவலகத்துக்குள் அடங்கினால் அது உள்ளக வலையமைப்பு. ஊர்களையும் நாடுகளையும் இணைத்தால் பரந்த வலையமைப்பு. இணைக்கும் ஊடகங்கள் மூன்று: செம்புக் கம்பி, கண்ணாடி இழை வடம், வானொலி அலை.

நம் கையிலுள்ள அலைபேசி வானொலி அலை வழியாக அருகிலுள்ள கோபுரத்துடன் மட்டுமே பேசுகிறது. கோபுரத்திலிருந்து அப்பால் செல்லும் பயணம் கண்ணாடி இழையிலோ, கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் நுண்ணலையிலோ நடைபெறுகிறது. ஆகவே 'நெட்வொர்க் இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காரணங்கள் ஒளிந்திருக்கலாம். முதலாவது, அலை எட்டாமை. அலைபேசிக்குப் பயன்படும் அலைகளைக் குன்று மறைத்துவிடும். கோபுரம் இரண்டு கிலோமீட்டரில் நின்றாலும் நடுவில் ஒரு மலைமுகடு இருந்தால் சிக்னல் கிடைக்காது. இரண்டாவது, கோபுரத்துக்குப் பின்னுள்ள இணைப்பு அறுந்திருத்தல் அல்லது நெரிசலாக இருத்தல். அலைபேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் எதுவும் திறக்காத நிலை இது. மூன்றாவது, கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாமை.

மலை இயற்கையின் ஆக்கம்தான். ஆனால் கோபுரத்தை எங்கே நிறுத்துவது, எத்தனை நிறுத்துவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. இலாபக் கணக்கு மட்டும் பார்த்தால் சில நூறு பேர் வாழும் குடியிருப்புக்குக் கோபுரம் வராது என்பதை அரசே அறிந்திருந்தது. அதனால்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைப் பெற்று, சேவை எட்டாத பகுதிகளுக்குச் செலவிடும் அனைவருக்குமான சேவை நிதியம் உருவாக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப் பெயர் மாற்றியது. நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்னர் அது 'பாரத்நெட்' எனப்பட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளில் இப்பணியைச் செய்வதற்காக 2018-இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், அதாவது டான்ஃபிநெட், தொடங்கப்பட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்திட்டத்தின் கணக்கில் வடம் ஊராட்சியைத் தொட்டாலே அது 'இணைக்கப்பட்ட ஊராட்சி'. அந்த ஊராட்சிக்குள் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் அக்கணக்கில் தனியே தெரிவதில்லை. ஊர்த்தெருவரை வந்து சேரிக்கு முன் நின்றுவிடும் குடிநீர்க் குழாயை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. 2021-இல் இதே நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரம் பகுதியில், மாணவர்கள் சிக்னல் தேடி ஆலமரக் கிளைகளில் அமர்ந்து இணையவழி வகுப்புகளைக் கவனித்த காட்சி செய்தியானது.

'சர்வர் வேலை செய்யவில்லை'

உலகெங்கும் உள்ள தனித்தனி வலையமைப்புகளை ஒரு பொது விதியின் கீழ் இணைத்த பெருவலையே இணையம். அதன் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. சரிசெய்து மீண்டும் அனுப்பினர். அன்று இணைப்பு அறுந்ததற்காக எவரும் ஒருநாள் கூலியை இழக்கவில்லை.

1983 ஜனவரி 1 முதல் டிசிபி, ஐபி என்னும் இரு நெறிமுறைகள் ஆர்ப்பாநெட்டின் பொது விதியாயின. இவற்றின்படி எந்தத் தகவலும் சிறு பொட்டலங்களாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் எண்களாக எழுதப்படுகின்றன. இதுவே ஐபி முகவரி. வழியிலுள்ள ரவுட்டர்கள் முகவரியைப் படித்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளுகின்றன. பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்பச் சொல்வது டிசிபியின் வேலை. நாம் தட்டச்சு செய்யும் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவேடு. கேட்கும் கணினிகளுக்கெல்லாம் தகவலை வழங்கும் மறுமுனைக் கணினியே சர்வர். இவ்வலையின் மீது 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்தின்படி உருவானது உலகளாவிய வலைத்தளம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 முதல் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையை வழங்கியது.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. அதே கருவியில் வேறு இணையதளங்கள் திறக்கின்றன, அரசின் தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், பழுது மலையில் இல்லை; தலைநகரிலுள்ள சர்வரில் இருக்கிறது. எதுவுமே திறக்கவில்லை என்றால் பழுது உள்ளூர் இணைப்பில். முதலாவதற்கு அத்தளத்தை நடத்தும் துறை பொறுப்பு. இரண்டாவதற்குச் சேவை வழங்கும் நிறுவனமும், அந்த இடத்தில் இணைப்பு இருக்கும் என்று கருதித் திட்டம் தீட்டியவர்களும் பொறுப்பு.

இணைப்பு பலவீனமான இடங்களில் தகவலைக் கருவியிலேயே சேமித்து, இணைப்பு கிடைக்கும்போது அனுப்புவது கணினி அறிவியலில் பழைய, எளிய முறை. ஒரு செயலி அவ்வாறு அமையுமா, சில வினாடிகளில் இணைப்பு கிடைக்காவிட்டால் 'தோல்வி' என்று அறிவிக்குமா என்பது வடிவமைப்பாளரின் தெரிவு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், பொதுப்பணித் தளங்களில் நாளொன்றுக்கு இருமுறை இடக்குறியிட்ட நிழற்படம் எடுத்துச் செயலியில் வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. படம் பதிவேறாத நாளில், மண் வெட்டிய உழைப்பு கண்முன் கிடந்தபோதும் கூலி கேள்விக்குள்ளானது. அத்தகைய சூழலில் வருகையைக் கையால் பதிவேற்ற மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்களுள் எத்தனை பேருக்கு அது சொல்லப்பட்டது என்பதே நம் கேள்வி.

'ரேகை விழவில்லை'

நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவி ரேகையைப் படித்து, மறையாக்கம் செய்து, ஆதார் ஆணையத்தின் மையக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடை வருகிறது. இரு ரேகைகள் ஒருபோதும் நூற்றுக்கு நூறு ஒத்திருப்பதில்லை. எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்ற வரம்பை ஒருவர் வகுக்க வேண்டும். வரம்பைத் தளர்த்தினால் பிறர் நுழையலாம். இறுக்கினால் உரியவரே தடுக்கப்படலாம். கல்லுடைத்து, களையெடுத்து, துப்புரவுப் பணி செய்து தேய்ந்த விரல்களே இரண்டாவது தவறுக்கு எளிதில் ஆளாகின்றன. உழைப்பைச் சாதி பங்கிட்ட நாட்டில், தேய்ந்த விரல்கள் எல்லாச் சாதியிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை.

இங்கும் பிரித்தறிய வழியுண்டு. கருவியில் 300 என்ற பிழை எண் வந்தால் ரேகை பொருந்தவில்லை என்று பொருள். விடையே வராவிட்டால் அது இணைப்பின் பழுது. அதை விரலின் மீது சுமத்தக் கூடாது.

'சிஸ்டமே நீக்கிவிட்டது'

கணினிக்கு ஒவ்வொரு படியையும் மனிதர் எழுதித் தருவது வழக்கமான நிரல். ஏராளமான எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து, அவற்றிலுள்ள ஒழுங்கைக் கணினியே கண்டறியச் செய்வது இயந்திரக் கற்றல். இன்று செயற்கை நுண்ணறிவு எனப்படுவதில் பெரும்பகுதி இதுவே. எடுத்துக்காட்டுகளில் யார் இல்லையோ அவர்களைப் பற்றி இயந்திரம் தவறாகவே கணிக்கும். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்நிட் கெப்ரு ஆகியோர் வணிக நிறுவனங்களின் முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தனர். முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிப்பதில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை.

உரையாடும் பெருமொழி மாதிரிகளும் இவ்வாறே. இணையத்திலும் நூல்களிலும் உள்ள உரைகளைப் படித்து, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கப் பழகியவை அவை. இணையத்திலிருந்து திரட்டப்படும் உரையில் தமிழின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. அதிலும் கொல்லிமலை மக்களின் பேச்சுத் தமிழ் எவ்வளவு இருக்கும்? சாதியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஆதிக்கச் சாதிகளின் பார்வை மிகுந்திருந்தால், இயந்திரமும் அதையே பொதுஅறிவு எனத் திருப்பித் தரும்.

அரசின் முடிவுகளுக்குள் இது நுழையும்போது விளைவு கடுமையாகிறது. தெலங்கானாவில் 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் நீக்கப்பட்டன. பல துறைகளின் தரவுகளை இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்னும் கணினி முறையும் அதில் பயன்பட்டது. பெயர் ஒத்திருந்த வேறொருவரின் காரைத் தன் கணவருடையதாகக் கணினி கருதியதால் ஓர் ஏழைப் பெண் அட்டையை இழந்தது பின்னர் வெளிவந்தது. நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சரிபார்க்குமாறு 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'சிஸ்டம்' தானாக எதையும் நீக்குவதில்லை. எந்தத் தரவுகளை ஒப்பிடுவது, ஐயம் எழுந்தால் விசாரிக்காமலே நீக்குவதா என்பனவற்றை அதிகாரிகளே முடிவு செய்கின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை, இணைப்பு இல்லை என்ற காரணங்களால் எவருக்கும் உணவுப்பொருளை மறுக்கக் கூடாது என ஒன்றிய உணவுத்துறை 2017 அக்டோபர் 24 அன்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இணையத்தின் வழியான கருத்துரிமை அரசமைப்பின் 19-ஆம் பிரிவின் பாதுகாப்புக்குரியது என்று 2020 ஜனவரி 10 அன்றும், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இவற்றைப் பயன்படுத்தச் சான்று தேவை. மறுக்கப்பட்டவுடன் நாள், நேரம், இடம், திரையில் தெரிந்த வாசகம் அல்லது பிழை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு தளம் திறக்கிறதா என்று பார்த்து அதையும் எழுத வேண்டும். மாற்றுவழியில் வழங்குமாறு எழுத்தில் கேட்க வேண்டும். ஓர் ஊராட்சியில் எந்தெந்தக் குடியிருப்புகளுக்கு இணைப்பு உண்டு, ஒரு மாதத்தில் எத்தனை ரேகைப் பதிவுகள் தோல்வியுற்றன, பெயர் நீக்கத்துக்கு எந்த விதி பயன்பட்டது என்பனவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். கிடைத்த பதிலைக் கிராம சபையில் படிக்கலாம்.

கல்லூரியில் கணினி அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நியாயவிலைக் கடையருகே ஒரு குறிப்பேட்டுடன் நான்கு நாட்கள் அமர்ந்தால் போதும். 'நெட்வொர்க் இல்லை' என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பது மலையா, கோபுரமா, சர்வரா, விதியா என்பதை அவர்களால் பிரித்துச் சொல்ல முடியும். அதன்பின் மனுவை யாருக்கு எழுதுவது என்பதில் ஐயம் இருக்காது.