விரைவின் விலை

அலுவலகமொன்றிலே சுறுசுறுப்பான எழுதுவினைஞர் ஒருவர் இருக்கின்றார். மேலதிகாரி கேட்குமுன்னரே, இன்ன கோவைதான் வேண்டப்படும் என ஊகித்து, அதனை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். ஊகம் பிழைத்தால் அக்கோவையை எவருக்குங் கொடார். ஆயினும், எக்கோவை மேசைக்கு வந்தது என்பதைக் கொண்டே அலுவலகத்தின் இரகசியத்தை உய்த்துணரும் ஒற்றன் ஒருவன் அங்கு புகுந்தால் என்னாகும்?

கணனியின் மூளை எனத்தக்க செயலியிலே நேர்ந்ததும் இதுவே. கட்டளை உறுதியாகுமுன்னரே அதனை ஊகித்துச் செய்யும் முறை, இன்டெல் நிறுவனத்தார் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட பென்டியம் புரோ முதலாக மேசைக் கணனிகளிலே பரவலாயிற்று. ஊகம் தவறின் அதன் பயன் நீக்கப்படும். ஆனால், செயலியின் விரைவு நினைவகத்திலே அதன் சுவடு எஞ்சிநிற்கும். தகவலொன்று வந்துசேரும் நேரத்தை அளந்தே அச்சுவட்டை அறியலாம். கடவுச்சொல் போன்ற மறைபொருள்களையும் கவரலாம். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்பன இக்குறைகளுக்கு இடப்பட்ட பெயர்கள்.

கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த யான் ஹோர்ன் இவற்றைக் கண்டறிந்தார். 2017 ஜூன் 1 ஆம் திகதி இன்டெல், ஏ.எம்.டி., ஆர்ம் ஆகிய நிறுவனங்களுக்கு இச்செய்தி அறிவிக்கப்பட்டது. ஒஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் முதலியோரும் தனித்தனியே இம்முடிபுக்கு வந்தனர். பரிகாரம் ஆயத்தமாகும்வரை செய்தி மறைக்கப்பட்டது. வெளியிடுவதற்குக் குறித்த நாள் 2018 ஜனவரி 9. ஆனால், லினக்ஸ் மென்பொருளிலே அவசரமாக நடைபெற்ற திருத்தங்கள் பலரை ஐயுறச் செய்தன; ஊடகங்களும் எழுதத் தொடங்கின. எனவே ஜனவரி 3 ஆம் திகதியே உண்மை வெளியாயிற்று.

அதன்பின் எங்கும் பரபரப்பு. மைக்ரோசொப்ட் விடுத்த திருத்தத்தினால் ஏ.எம்.டி. செயலி பூண்ட சில கணனிகள் இயங்காதொழிந்தன. அவற்றுக்குத் திருத்தம் அனுப்புவது இடைநிறுத்தப்பட்டது. இன்டெல் அளித்த திருத்தமோ சில கணனிகளை எதிர்பாராது நின்று மீளத் தொடங்கச் செய்தது. ஜனவரி 22 ஆம் திகதி, அத்திருத்தத்தை இடுவதை நிறுத்துமாறு அந்நிறுவனமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நிலைத்த திருத்தங்களும் கணனியின் வேகத்தைப் பலவிடத்துக் குறைக்கவே செய்தன.

நேயர்களே, குறை பிறந்ததும் விரைவினால். பரிகாரம் இடறியதும் விரைவினால். இருபதாண்டுகளுக்கு மேலாக யாவரும் வேகத்தையே அளந்தனர். அவ்வேகம் எதனை வெளிக்காட்டுகின்றது எனக் கேட்டவர் மிகச் சிலரே. அவ்வினாவைக் கேட்டவர்களாலேயே நமது இரகசியங்கள் இன்று ஓரளவேனும் காக்கப்படுகின்றன.