மீண்டும் வந்த தாஜ் மகால்

லெகோ பெட்டி ஒன்றின் தயாரிப்பு நிற்கப்போகிறது என்று தெரிந்தால், இரண்டு மூன்றாக வாங்கிப் பிரிக்காமலே அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. விளையாடவா? இல்லைங்க, பிறகு விற்கத்தான்!

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில், தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-இல் தொடங்கிய நிறுவனம் இது. 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். ஆகவே, பழைய பெட்டி பயனற்றுப் போவதில்லை.

2008-இல் 5,922 துண்டுகள் கொண்ட தாஜ் மகால் வந்தது. அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 300 டாலர். தயாரிப்பு நின்றதும், பிரிக்காத பெட்டி பல மடங்குக்கு விலைபோனது. வாங்கி வைத்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், 2017-இல் நிறுவனமே அதை மீண்டும் வெளியிட்டது: 5,923 துண்டுகள், ஏறத்தாழ 370 டாலர். கூடியது ஒரே ஒரு துண்டு; பழைய பெட்டியின் விலையோ சரிந்தது.

மாணவர்களே, இதைக் காரண காரியமாகப் பாருங்கள். விலையை ஏற்றியது பெட்டியின் அருமை, அதாவது கிடைக்காமை. அந்தக் கிடைக்காமை பூட்டி வைத்தவர் கையில் இல்லை. தயாரிப்பவர் கையில் இருந்தது. வரலாற்றுக் கட்டுரையில் "விலை ஏறியது" என்று எழுதிவிட்டு நிறுத்திடாதீங்க. அதை இறக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.