நாணயச் சரிவின் சுமை யாருக்கு? ஸ்டீம் தளத்தின் வட்டார விலைகள்: துருக்கியும் அர்ஜென்டினாவும்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம், 2023 நவம்பர் 20 அன்று துருக்கியின் லிராவையும் அர்ஜென்டினாவின் பெசோவையும் கைவிட்டு, அவ்விரு நாடுகளிலும் டாலர் விலைக்கு மாறியது. நாணய மாற்று விகிதம் நிலையாக இல்லை என்று தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் காரணம் கூறியது. அமெரிக்க விலையைவிடக் குறைத்து விற்க உருவாக்குநர்களுக்கு இடம் தொடர்ந்தது. விலையைக் குறிக்கும் நாணயம் மாறியது; கூடவே இரு நாடுகளும் தத்தம் வட்டாரத்தின் பொதுவான டாலர் விலைப்பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. இந்த மாற்றம் நாணயச் சரிவின் சுமை முழுவதையும் அதைத் தாங்கும் வலு மிகக் குறைந்தவர்மேல் ஏற்றிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வட்டார விலைக்குப் பொருளியல் நியாயம் உண்டு. சந்தைக்குச் சந்தை விலையை வேறுபடுத்தும் முறையைப் பொருளியலாளர் பிகூ 1920இலேயே வகைப்படுத்தினார். விளையாட்டின் இன்னொரு படியை விற்க ஆகும் கூடுதல் செலவு ஏறத்தாழப் பூச்சியம். எனவே துருக்கித் தலைநகர் அங்காராவின் மாணவர் கொடுக்கக்கூடிய விலைக்கு விற்பதும் ஆதாயமே. ஒரே நிபந்தனை, மலிவுச் சந்தையில் வெளியார் நுழையக் கூடாது.

நாணயச் சரிவு இந்த நிபந்தனையைக் குலைத்தது. 2018 தொடக்கத்தில் ஒரு டாலர் நான்கு லிராவுக்கும் குறைவு. 2022 அக்டோபரில் பதினெட்டு லிராவைத் தாண்டியிருந்தது. விலை மாற்றப்படாத ஒரு 100 லிரா விளையாட்டு 26 டாலர் மதிப்பிலிருந்து ஐந்தரை டாலருக்கும் கீழே இறங்கியது. பிற நாட்டினர் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் வழியாகக் கணக்கின் நாட்டை மாற்றி அங்கே வாங்கினர். கணக்கின் நாட்டை மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று 2021இல் வால்வ் கட்டுப்பாடு விதித்தது. 2022 அக்டோபரில் அது வெளியிட்ட பரிந்துரை விலைகள் லிராவிலும் பெசோவிலும் ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தன. பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் உருவாக்குநரின் விருப்பம். இந்நிலையில் சிறு உருவாக்குநரின் வருவாய் கரைந்தது உண்மை. அவருடைய முறையீடு நியாயமானது.

ஆனால் டாலர் விலை அந்த இழப்பை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியது. ஊதியம் ஆண்டுக்கு ஓரிரு முறையே உயர்கிறது. டாலரின் விலை நாள்தோறும் மாறுகிறது. துருக்கியில் 2023 ஜனவரியில் நிகரக் குறைந்தபட்ச ஊதியம் சுமார் 8,507 லிரா. ஜூலையில்தான் 11,402 ஆனது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் டாலர் ஏறத்தாழ 18.7 லிராவிலிருந்து 26 லிராவுக்கு ஏறியது. 20 டாலர் பொருளுக்கு 374 லிரா கொடுத்தவர், அதே ஊதியத்தில் 520 லிரா கொடுக்க நேரும். அர்ஜென்டினாவில் நடந்தது இன்னும் கடுமை. ஸ்டீம் டாலருக்கு மாறிய மூன்றே வாரங்களில், டிசம்பர் நடுவில், அரசு அதிகாரபூர்வ விகிதத்தை டாலருக்குச் சுமார் 366 பெசோவிலிருந்து 800 ஆக்கியது. டாலரில் குறித்த ஒவ்வொரு விலையும் அந்த விகிதப்படி பெசோ கணக்கில் ஒரே இரவில் இரு மடங்கைத் தாண்டியது.

உலக வணிகத்தின் பெரும்பகுதி டாலரில் விலை குறிக்கப்படுவதால், உள்நாட்டு நாணயம் சரியும்போது இறக்குமதி விலை உடனே ஏறுகிறது என்று பொருளியலாளர் கீதா கோபிநாத் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விளையாட்டுச் சந்தையும் இப்போது அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது.

மாற்றத்தால் பயன்பெற்றோரும் உண்டு. டாலரையே நாணயமாகக் கொண்ட ஈக்வடாரும் எல் சால்வடாரும் முன்பு அமெரிக்க விலையையே செலுத்தின; புதிய இலத்தீன் அமெரிக்க விலைப்பட்டியல் அந்நாடுகளுக்குச் சலுகையைத் திறந்தது. ஆனால் அந்தச் சலுகையைத் தர லிராவையும் பெசோவையும் கைவிடத் தேவை இருக்கவில்லை. மேலும், துருக்கியையும் ஏமனையும் ஒரே வட்டாரப் பட்டியலில் அடைப்பது, வாங்கும் திறனை அளவுகோலாகக் கொள்ளும் வட்டார விலையின் நோக்கத்துக்கே முரண்.

இடரைப் பகிர்வதில் ஓர் அடிப்படைச் சமனின்மை இருக்கிறது. தளம் பல பத்து நாணயங்களில் ஈட்டுகிறது. ஒன்றின் சரிவை மற்றவை ஈடுசெய்யும். வாங்குபவருக்கு இருப்பது ஒரே நாணயம். ஆகவே உள்நாட்டு நாணய விலையே தொடர வேண்டும். அதைக் காலாண்டுதோறும், முன்கூட்டியே அறிவித்த விதிப்படி, ஊதியத்தையும் உள்நாட்டு விலைவாசியையும் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். இடைக்கால இழப்பில் ஒரு பகுதியைத் தளம் தன் விற்பனைத் தரகிலிருந்து ஏற்கலாம். வெளியாரைத் தடுக்க, உள்நாட்டு வங்கி அட்டையைக் கண்டிப்பாக்கினால் பெருமளவு போதும்.

இது நமக்கும் உரிய கேள்வி. ஸ்டீம் இந்திய ரூபாயை ஏற்றது 2015 நவம்பரில். அப்போது டாலர் சுமார் 66 ரூபாய், 2023 நவம்பரில் சுமார் 83. சரிவு மெதுவாக இருந்ததால் ரூபாய் விலை நிலைத்தது. அது வேகமெடுத்தால் என்ன செய்வது என்பதற்கு லிராவும் பெசோவும் இப்போது முன்னுதாரணம் ஆகிவிட்டன. திருத்த விதியை நெருக்கடி வருமுன்னே வகுக்கக் கோருவதே நுகர்வோருக்கும் உருவாக்குநருக்கும் நலம்.