ரெபேக்கா அம்மையாரின் ஞாயிறு பாடசாலை

சேர் வோல்ட்டர் ஸ்கொட் எழுதி 1819 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ நாவலில் ரெபேக்கா என்றொரு யூதப் பெண் வருகின்றாள். நோயுற்றோருக்குப் பணிவிடை செய்பவள். எவ்வகை அச்சுறுத்தலுக்கும் அஞ்சித் தன் சமயத்தை விட்டுக்கொடாதவள். இப்பாத்திரத்துக்கு முன்மாதிரி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த ரெபேக்கா கிராட்ஸ் அம்மையாரே என்று அங்குள்ள யூதர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். எழுத்தாளர் வாஷிங்டன் ஏர்விங் அம்மையாரின் நண்பர் என்பதால் அவரே ஸ்கொட்டிடம் இவரைப் பற்றிக் கூறினாராம். உறுதியான சான்று எதுவும் இல்லை. கிறிஸ்தவர் ஒருவர்மீது கொண்ட காதலைச் சமயத்தின் பொருட்டுத் துறந்தார் என்ற கதையும் அத்தகையதே. கதைகளின் இனிமையில் மயங்கிய பலர், இவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சங்கங்களின் செயலாளராக இருந்து அறிக்கை எழுதியும் நிதி திரட்டியும் செய்த பணியைக் கண்டுகொள்ளவில்லை.

1781 மார்ச் 4 ஆம் திகதி பிறந்தவர் ரெபேக்கா. தந்தை மைக்கல் கிராட்ஸ் ஐரோப்பாவின் சைலீசியாப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்து வணிகத்தில் செல்வம் ஈட்டியவர். தாய் மிரியம். பன்னிரு பிள்ளைகள் பிறந்த பெருங்குடும்பம் அது. 1801 இல், இருபதாவது வயதில், தாயோடும் சகோதரியோடும் வேறு பெண்களோடும் சேர்ந்து, நொடிந்துபோன குடும்பங்களின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் சங்கமொன்றை அமைத்தார். யூதப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் அதில் ஒன்றாகப் பணியாற்றினர். 1815 இல் தோன்றிய பிலடெல்பியா அநாதை இல்லத்தின் நிறுவுநர்களுள்ளும் இவர் ஒருவர். அதன் செயலாளராக நாற்பது ஆண்டுகள் இருந்தார்.

தாய் 1808 இலும் தந்தை 1811 இலும் மறைந்தபின் மணமாகாத சகோதரர்களின் இல்லத்தை ரெபேக்காவே நடத்தினார். 1823 இல் தங்கை ரேச்சல் இறந்துபோக, அவருடைய ஆறு பிள்ளைகளும் பெரியம்மாவின் கைக்கு வந்தனர். அப்பொழுது அவருக்கு வயது 42. மணம் செய்யாமலே ஆறு பிள்ளைகளுக்குத் தாயானார்.

பொதுத் தொண்டில் கிறிஸ்தவத் தோழியரோடு மனமொத்து உழைத்த இவர், 1819 இல் யூதப் பெண்களுக்கென்று தனியாக ஒரு நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கியது ஏன்? அக்காலத்தில் அமெரிக்கா எங்கும் சமயப் பேரெழுச்சி ஒன்று வீசிக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கு உணவும் விறகும் கொண்டுசென்ற கைகளிலேயே மதமாற்றப் பிரசுரங்களும் இருந்தன. பசித்த யூதத் தாய் ஒருத்தி உதவியை ஏற்பதா, உபதேசத்தை மறுப்பதா என்று தடுமாற நேர்ந்தது. இந்தச் சங்கடத்தை நீக்கவே எபிரேயப் பெண்கள் நலன்புரிச் சங்கம் உருவாயிற்று. எந்த ஆலயத்தின் நிர்வாகத்துக்கும் உட்படாமல் அமெரிக்க யூதப் பெண்கள் தாமே நடத்திய முதல் அறச்சங்கம் இதுவே. உணவு, விறகு, தங்குமிடம் என்பவற்றோடு பிற்காலத்தில் வேலை தேடிக் கொடுப்பதையும் அது மேற்கொண்டது. ஆலயங்களுக்குள் வழிபாட்டு முறை பற்றிய பிணக்குகள் இருந்த காலத்தில், அவற்றுக்கு வெளியே நின்றதுதான் அச்சங்கத்தின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

ஆயினும் வயிற்றை நிரப்பினால் மட்டும் போதாது என்பதை அம்மையார் விரைவில் கண்டார். பொதுப் பாடசாலைகளில் கிறிஸ்தவ வேதம் வாசிக்கப்பட்டது. ஞாயிறு பாடசாலைகளை நாடெங்கும் பரப்பும் கிறிஸ்தவ ஒன்றியமும் பிலடெல்பியாவிலேயே 1824 இல் தோன்றியிருந்தது. யூதப் பிள்ளைகளுக்கோ, தாம் யாரென்று சொல்லித்தர இடமில்லை. மிக்வே இஸ்ரயேல் ஆலயத்தின் வழிபாட்டுத் தலைவர் ஐசாக் லீசர் 1835 இல் பாடசாலை ஒன்றை நடத்த முயன்றார், அது நிலைக்கவில்லை. தாம் எந்த முறையைக் கண்டு அஞ்சினாரோ, அதே முறையை அம்மையார் எடுத்துக்கொண்டார். 1838 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை, எபிரேய ஞாயிறு பாடசாலை திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்தனர். கட்டணம் இல்லை. கற்பித்தவர்கள் அனைவரும் பெண்கள், ஊதியம் பெறாதவர்கள். யூத சமயக் கல்வி ஆண்களின் உரிமையாகவே இருந்துவந்த நிலையில் இது சிறிய காரியமன்று.

பாடநூல்கள் இல்லை. எனவே தொடக்கத்தில் கிறிஸ்தவ ஒன்றியத்தின் நூல்களையே வாங்கி, யூத நம்பிக்கைக்கு ஒவ்வாத விடைகளின்மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி மறைத்தார்கள். மறைத்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை எத்தனை பிள்ளைகளுக்கு எழுந்திருக்கும்! பின்னர் லீசரும், ஆசிரியையாயிருந்த சிம்ஹா பெய்ஷோட்டோவும் அவர் சகோதரியும் தமக்கெனப் பாடநூல்களை எழுதினர்.

பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. எபிரேய மொழிக்கு அங்கு பெரிய இடம் இருக்கவில்லை. மொழியைக் கைவிட்டாரே என்று வாசகர் சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவதில் நியாயமும் உண்டு. ஆனால் அங்கு வந்த பிள்ளைகளிற் பெரும்பாலோருக்கு எபிரேயம் பேச்சுமொழியன்று. வாரத்தில் ஒரு நாட் காலைப்பொழுதே கையிலிருந்தது. அந்நேரத்துக்குள் வேத வரலாற்றையும் அறநெறியையும் புரியும் மொழியிற் கொடுப்பதை அவர் தெரிந்துகொண்டார். அதே ஆண்டில் சார்ள்ஸ்டன் நகரப் பெண்களும் இத்தகைய பாடசாலையைத் தொடங்கினர். இங்கு படித்த சிறுமியர் வளர்ந்து இங்கேயே ஆசிரியைகளாயினர்.

1855 இல் யூதப் பிள்ளைகளுக்கான வளர்ப்பு இல்லம் ஒன்றும் இவருடைய இடையறாத வற்புறுத்தலால் அமைந்தது. ஜேர்மனியப் பகுதிகளிலிருந்து யூதர் பெருந்தொகையாக வந்து இறங்கிய காலம் அது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் வாழ்ந்த தம்பி பெஞ்சமின் அடிமைகளை வைத்திருந்தவர். அம்மையார் அடிமைமுறைக்கு எதிராகப் பொதுவெளியிற் பணியாற்றியதில்லை. உள்நாட்டுப் போர் குடும்பத்துக்குள்ளேயே புகுந்தது. 1861 ஓகஸ்டில் வில்சன்ஸ் கிறீக் சமரில் பெஞ்சமினின் மகன் கேரி வடதரப்பில் நின்று மடிந்தான். பெஞ்சமினின் இரண்டாம் மனைவியின் மகன் ஜோ ஷெல்பி அதே களத்தில் தென்தரப்பில் நின்றான். எண்பது வயதில் அத்துயரைத் தாங்கிய அம்மையார், அதன் பின்னரும் 1864 வரை பாடசாலையின் தலைமைப் பொறுப்பை விடவில்லை.

1869 ஓகஸ்ட் 27 இல் அவர் காலமானார். பிலடெல்பியாவில் 1895 இல் தோன்றிய கிராட்ஸ் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது, தம் சொத்தை அறக்கட்டளையாக எழுதிவைத்த அவருடைய சகோதரர் ஹைமன் கிராட்ஸின் பெயர்.