விட்டத்தின் நுனியில் நடக்கும் சோதனை

பொன்னமராவதிப் பக்கம் மரச்சக்கர மாட்டுவண்டி ஓடிய காலத்தைக் கண்டவர்களுக்கு முன்தகைவுத் தத்துவம் புதிதன்று. இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக அடித்து, பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையின் மேல் மாட்டி நீரூற்றுவார் கொல்லர். குளிர்ந்து சுருங்கும் பட்டா குடம், ஆரக்கால், வட்டை மூன்றையும் இறுக்கிவிடும். பாரம் ஏறுமுன்பே சக்கரத்துக்குள் அழுத்தம் குடியேறியிருக்கும்; அதுதான் முன்தகைவு.

கான்கிரீட்டுக்கும் இதுவே வைத்தியம். அழுத்தினால் தாங்கும் அது, இழுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே எஃகுக் கேபிளை ஜாக்கியால் இழுத்து, கான்கிரீட் விட்டத்தின் இரு நுனியிலும் பூட்டிவிடுகிறோம். பிரான்சின் யூஜீன் ஃபிரெஸினே 1928இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பூட்டுவதற்கான கூம்பு ஆப்பை 1939இல் கொண்டுவந்தார். இந்தியாவில் 1948இல் அசாம் ரயில் இணைப்புத் திட்டத்தில் இம்முறை வந்தது. நமக்கு அருகே, 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இதற்குச் சான்று.

விட்டத்தின் நடுப்பகுதித் தகைவை எல்லாரும் கணக்கிடுவர். நுனிதான் நுட்பமானது. கேபிளைப் பூட்டிய சிறிய தகட்டில் இறங்கும் விசை, விட்டத்தின் முழு அகலத்துக்கும் விரிந்து பரவ வேண்டும். விரியும் விசைக்கோடுகள் வளைகின்றன. அந்த வளைவை ஈடுகட்டக் குறுக்கே ஓர் இழுவிசை எழுகிறது. நம் கல்குவாரிகளில் ஆப்பு இறக்கிய பாறை நீளவாக்கில் பிளப்பதுபோல, கவனிக்காவிட்டால் நுனியும் பிளக்கும்.

ஒரு கணக்கு. 12.7 மி.மீ. ஸ்டிராண்டு (முறுக்கிய கம்பிக்கற்றை) 12 கொண்ட கேபிளின் இழுப்பு ஏறத்தாழ 170 டன். நுனி 600 மி.மீ. சதுரம், தகடு 270 மி.மீ. சதுரம், விகிதம் 0.45. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1343 விதிப்படி, 0.32இலிருந்து இவ்விகிதத்தின் 0.3 மடங்கைக் கழித்தால் 0.185. பிளக்கும் விசை சுமார் 31 டன்! அதைத் தாங்க, முகப்பிலிருந்து 60 முதல் 600 மி.மீ. தொலைவுக்குள் 12 மி.மீ. கம்பியில் குறைந்தது நான்கு மூடிய ரிங்குகள் வேண்டும்.

பாலத்தின் பிற உறுப்புகளுக்குச் சோதனை வண்டி ஓடும்போது வருகிறது. நுனிக்கோ ஜாக்கி இழுக்கும் நாளிலேயே, கான்கிரீட் இளசாக இருக்கும்போதே, உச்சச் சோதனை. பிறகு கேபிளின் இழுப்பு குறையவே செய்யும். நோஞ்சான் சக்கரமும் பட்டா இறுகும் நாளில்தானே முறியும்? விட்டத்தின் நுனியில் கம்பி நெருக்கமும் மிகுதி. தகட்டின் பின்னால் கலவை இறங்காமல் பொந்து விழுந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

இளம் பொறியாளர்களே, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் வரைபடத்தோடு குனிந்து நுனிக்குள் பாருங்கள். ரிங்குகளை நீங்களே எண்ணுங்கள்.