தறியும் மேடையும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அந்த ஆடைப் பாதியைப் படைப்பதற்கென்றே நம் நாட்டில் கல்விக்கூடங்கள் தோன்றியது அண்மைக் காலத்தில்தான். அங்கே பயிலும் மாணவ மாணவியர், பட்டம் பெறும் வேளையில், தாம் வடிவமைத்த ஆடைகளை மேடையேற்றிக் காட்டுகின்றனர். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் அம்மேடையில் நின்றிருக்கக் கூடும். இவ்வழக்கம் எவ்வாறு வந்தது, அதனால் விளைந்த பயன் யாது என்பதைச் சிறிது நோக்குவோம்.

நம் முன்னோர் உடுத்த சேலையும் வேட்டியும் வெட்டித் தைக்கப்படாதவை. அவற்றின் அழகெல்லாம் தறியிலேயே முடிந்துவிடும். காஞ்சிபுரத்து நெசவாளர் உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்வையாக இணைக்கும்பொழுது, அவரே தொழிலாளி, அவரே கலைஞர். வடிவம் வகுப்பவர் ஒருவர், செய்து முடிப்பவர் வேறொருவர் என்னும் பிரிவு அங்கே கூர்மையாக இருந்ததில்லை.

விடுதலைக்குப் பின்னர் இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1956 முதல் நெசவாளர் சேவை நிலையங்கள் தோன்றின. ஓவியர்கள் தறியருகே வந்தனர். மலபாரில் பிறந்து, சென்னையில் பயின்று, சாந்திநிகேதனத்தில் ஓவியரான கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாயில் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பணியில் இருந்தார். 1958-இல் அமெரிக்கத் தம்பதியரான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நம் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நம் எளிய செம்பை அவர்கள் சிறந்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாகப் போற்றினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருப்பெற்றது.

ஆடைக்கென்றே தனி நிறுவனம் எழுந்ததற்கு வாணிபமும் ஒரு காரணம். 1974 முதல் நடைமுறையில் இருந்த பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று, வளரும் நாடுகள் மேலைநாடுகளுக்கு அனுப்பும் துணிமணிகளின் அளவுக்கு வரம்பு கட்டிற்று. அளவைப் பெருக்க வழியில்லை எனின், ஒவ்வோர் ஆடையின் மதிப்பையும் உயர்த்தவேண்டும். அதற்கு வடிவமைக்கும் அறிவு தேவை. 1986-இல் மத்திய ஜவுளி அமைச்சகத்தின்கீழ்ப் புதுடில்லியில் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பெற்றது. நியூயார்க் நகரத்துக் கல்வி நிறுவனம் ஒன்று அதற்குத் துணை நின்றது. 1995-ஐ ஒட்டிச் சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் முதலிய நகரங்களிலும் அதன் கிளைகள் பரவின. 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தானே பட்டம் வழங்கும் உரிமையை அதற்கு அளித்தது.

மேடைக் காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குப் பின்னே பல மாத உழைப்பு இருக்கிறது. மாணவர் முதலில் ஒரு கருத்தைத் தேர்ந்து படமாக வரைகிறார். விலை குறைந்த காடாத் துணியைப் பொம்மை உருவின்மேல் போர்த்தி, ஊசி குத்தி வடிவம் பார்க்கிறார். அதனைக் காகித அச்சாக மாற்றி, பிறகே நல்ல துணியில் கத்தரி வைக்கிறார். காட்சி நாளன்று ஆசிரியர் மட்டுமின்றி ஏற்றுமதியாளரும் கடைக்காரரும் பத்திரிகையாளரும் எதிரே அமர்கின்றனர். ஆதலின் அஃது ஒரே வேளையில் தேர்வுக்கூடமும் சந்தையும் ஆகிறது. 1984-இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரி மாணவர் ஜான் கலியானோ காட்டிய ஆடைகள் அனைத்தையும் அந்நகரத்துக் கடையொன்று வாங்கிக்கொண்டது. அத்தகைய வாய்ப்பை எந்நாட்டு மாணவர்தாம் எண்ணிப் பாரார்!

நம் நாட்டிலும் வெற்றிகள் உண்டு. கொல்கத்தாக் கிளையில் 1999-இல் தேறிய சப்யசாச்சி முகர்ஜியின் புகழை நாம் அறிவோம். கான்பூர் அருகேயுள்ள சிற்றூரில் பிறந்து ஆமதாபாத்தில் பயின்ற ராகுல் மிஸ்ரா, 2006-இல் கேரளக் கைத்தறி முண்டுத் துணியைக் கொண்டே தம் முதல் தொகுதியை அமைத்தார். 2014-இல் பன்னாட்டு உல்மார்க் பரிசையும் பெற்றார்.

எனினும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இல்லை. காட்சி முடிந்ததும் விளக்கொளியில் மாணவர் வந்து வணங்குகிறார்; அரங்கம் கைதட்டுகிறது. அத்துணியை நெய்தவர் பெயர் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் ஏறக்குறைய 35 லட்சம் பேர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். வருவாய் போதாமையால் அவர்தம் மக்கள் தறியை விட்டு வேறு தொழில் நாடிச் செல்வதை நாம் காண்கிறோம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, அந்தப் பிரிவின் வருத்தத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களைக் கைவினைஞர் வாழும் ஊர்களுக்கு அனுப்பி, உடனிருந்து கற்கச் செய்யும் முறை இந்நிறுவனங்களில் உண்டு, நன்று. ஆயின் ஒருமுறை சென்று பத்து கெஜம் நெய்வித்துக்கொண்டு திரும்புவதால் ஒரு குடும்பம் வாழ்ந்துவிடாது. மேடையில் கண்ட துணி, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அதே தறிக்கு வேலையாகத் திரும்பிச் செல்லவேண்டும். அவ்வாறு செல்லுமாயின், பட்டம் பெறுவோர் மாணவர் மட்டும் அல்லர்; தறியும் பட்டம் பெறும்.

நம் பிள்ளைகளின் காட்சிக்கு நாம் செல்லும்பொழுது மனமாரக் கைதட்டுவோம். பின்னர், 'இத்துணியை நெய்தவர் யார்? எந்த ஊர்? மறுபடியும் அவரிடம் செல்வாயா?' என்றும் கேட்போம். நம் வீட்டுப் பெட்டியில் அன்னையின் பட்டுச் சேலையை மடித்து வைத்திருக்கும் நமக்கு, அப்படிக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.