இலைக்கு முன்னால் ஒரு மணி நேரம்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், மதுராந்தகத்துக்கு அப்பால் இருக்கிறது அச்சரப்பாக்கம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை வணங்க மறந்தாராம்; இந்த இடத்தில் தேரின் அச்சு முறிந்ததாம். அச்சு இற்ற ஊர் என்பதால் அச்சிறுபாக்கம் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது.

குடும்பம் என்ற தேருக்கும் ஓர் அச்சு உண்டு. அந்த ஊரில் இருக்கும் என் அத்தையைச் சொல்கிறேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, திண்ணையில் குறட்டை ஒலி கேட்ட பிறகுதான் அவள் சோற்றில் கை வைப்பாள். பத்தே நிமிஷம்! கேட்டால், "நான் சாவகாசமாக உட்கார்ந்தால் வீடு நின்று போகுமப்பா" என்பாள்.

சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது அவளுக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

1868-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். அமெரிக்காவுக்கு வந்திருந்த சார்லஸ் டிக்கன்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர்கள் டெல்மானிக்கோ உணவகத்தில் விருந்து வைத்தார்கள். ஜேன் க்ரோலி என்ற அம்மாளும் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவர்தான். விருந்துக்குச் சீட்டுக் கேட்டார். பெண் என்பதால் இடமில்லை. அவரும் தோழிகளும் சேர்ந்து, 'சொரோசிஸ்' என்று ஒரு சங்கம் கண்டார்கள். பல பூக்கள் சேர்ந்து ஒரே கனியாவதற்குத் தாவர நூலார் வைத்த பெயர் அது. நம் பலாப்பழமும் அந்த இனந்தான்! டிக்கன்ஸ் விருந்து நடந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 20-ஆம் தேதி, அதே டெல்மானிக்கோவில் அவர்கள் மத்தியான விருந்துக்கு அமர்ந்தார்கள். ஆண் துணையில்லாமல் கண்ணியமான பெண்கள் உணவகத்துக்குள் நுழையாத காலம் அது. பத்திரிகைகள் கேலி செய்தன. அவர்களோ நிதானமாகச் சாப்பிட்டார்கள், நிதானமாகப் பேசினார்கள்.

அப்படிப் பிறந்த வழக்கம் பின்னால் வேறு விதமாகவும் போயிற்று. நூறு வருஷம் ஆவதற்குள் அதே நகரத்தில், 'லா கோத் பாஸ்க்' என்ற உணவகத்தில், சீமாட்டிகளின் மத்தியான விருந்து வம்புக்குப் பேர்போனதாகிவிட்டது. அந்த வம்புகளை எழுத்தாளர் ட்ரூமன் கபோட் 1975-ல் கதையாக்கி வெளியிட்டார். நெருங்கிய சிநேகிதிகள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

வம்பு வளரும் இடத்தில்தான் வேறு சிலவும் வளர்கின்றன. 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. வீட்டு வேலைக்கு ஆள் இருந்த குடும்பத்துப் பெண்களுக்குத்தான் மத்தியானத்தில் கூடிப் பேசப் பொழுது கிடைத்தது. அந்த வருஷக் கடைசியிலேயே சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக் குழு, சென்னைக்கு வந்த மாண்டேகுவைக் கண்டு பெண்களுக்கு வாக்குரிமை கேட்டது. 1921-ல் சென்னைச் சட்டசபை அதை வழங்கியது. ஆனால் சொத்துள்ள பெண்களுக்கு மட்டுந்தான். அந்தச் சபைக்கே 1927-ல் துணைத் தலைவரானார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாயிற்று.

பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு என்று நாம் சிரிக்கிறோம். அவர்களிடம் இருந்த பொருள்களில் விலை உயர்ந்தது வைரத்தோடு அல்ல, அந்த ஒரு மணி நேரந்தான். அது எல்லாப் பெண்களுக்கும் கிடைத்திருந்தால் என்னென்ன நடந்திருக்குமோ!

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்குரிமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த நியூயார்க் அம்மாள்களுக்கு யாரப்பா பரிமாறினது?" என்றாள்.

"உணவகத்துப் பரிசாரகர்கள் அத்தை. ஆண்பிள்ளைகள்."

"ஆம்பிளைகளா!" அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு இலைக்கு முன்னால் சம்மணம் கூட்டி நன்றாக உட்கார்ந்துகொண்டு, "அப்படியானால் அந்த ரசத்தை எடுத்து ஊற்று, பார்க்கலாம்" என்றாள்.

நான் எழுந்து போய் ரசப் பாத்திரத்தை எடுத்து வந்தேன்.